பென்சில் யார் கையில் இருக்கிறது?



சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தேர்வுகள் அண்மைய ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டன. 2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் தேர்ச்சி அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வு அகற்றப்பட்டது. பிஎஸ்எல்இ தேர்விலும் 2021 முதல், ஒவ்வொரு பாடத்திற்கும் ஒன்று முதல் எட்டு வரையிலான அடைவுநிலை நடப்புக்கு வந்துவிட்டது.

பள்ளியில் பரபரப்பு குறைந்துவிட்டது. நம் வீட்டில் குறைந்திருக்கிறதா? பல வீடுகளில் தேர்வு போன இடத்தில் துணைப்பாட வகுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பயிற்சிப் புத்தகங்கள் மேசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. "தேர்வு இல்லாவிட்டால் பிள்ளையின் நிலை எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வராத கணக்கு ஒன்றைப் பார்த்ததும் உங்கள் பிள்ளை முதல் ஒரு நிமிடம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மறுபடியும் படித்துப் பார்க்கிறதா, ஒரு படம் வரைந்து பார்க்கிறதா, அல்லது உடனே "அம்மா!" என்று கூப்பிடுகிறதா? அந்த ஒரு நிமிடம் மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும்.

ஏன் இதைப் பெரிதாகப் பேசுகிறேன்? தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுதான். அதன் பிறகு உயர்நிலைப் பள்ளி. பாடங்கள் கூடும், ஆசிரியர்கள் கூடுவார்கள், இணைப்பாட நடவடிக்கை முடிந்து பிள்ளை களைப்போடு வீடு திரும்பும். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொடுக்க நம்மால் முடியாது. பாடமும் நம் கையைத் தாண்டிப் போயிருக்கும். பன்னிரண்டு வயது வரை தூக்கிச் சுமக்கப்பட்ட பிள்ளை பதின்மூன்றாம் வயதில் திடீரென்று ஓட வேண்டும் என்றால் எப்படி ஓடும்?

முதலில் தன்னம்பிக்கையைப் பார்ப்போம். "நீ கெட்டிக்காரன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நம்பிக்கை வளரும் என்று நினைக்கிறோம். கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அறிவுக்காகப் பாராட்டினார்கள், சிலரை உழைப்புக்காகப் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்குப் பின் சீக்கிரம் ஆர்வம் இழந்தார்கள். அடுத்த முறை அவர்களின் மதிப்பெண்ணும் இறங்கியது. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். காரணம் எளிது. கெட்டிக்காரன் என்ற பெயரை வாங்கிய பிள்ளை அதை இழக்கப் பயப்படுகிறது.

அதற்காக எதற்கெடுத்தாலும் "நல்லா முயற்சி பண்ணினே" என்று சொல்லிவிட்டால் போதாது. தவறான வழியில் எவ்வளவு முயன்றாலும் விடை வராது என்பது பிள்ளைக்கும் தெரியும். "முதல் வழி சரிவரவில்லை என்றதும் படம் வரைந்து பார்த்தாயே, அதனால்தான் வந்தது" என்று, செய்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த முறை எதைச் செய்யலாம் என்பது அதிலேயே இருக்கிறது.

இரண்டாவது, விடாமுயற்சி. இதற்குப் பெரியவர்கள் கற்க வேண்டியது காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தொலைக்காட்சிக்காரர்களாகிய எங்களுக்கு மூன்று விநாடி அமைதி என்றால் பதற்றம் வந்துவிடும். ஆனால் சிறுவர் நிகழ்ச்சிகளில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: கேள்வி கேட்டதும் பிள்ளையின் கண் ஒளிப்பதிவுக் கருவியைத் தாண்டி, பின்னால் நிற்கும் அம்மாவைத் தேடும். அம்மாவின் உதடும் அசையும். பதில் கிடைத்துவிடும், ஆனால் அது பிள்ளையின் பதில் அல்ல.

மூன்றாவது, தானே கற்கும் பழக்கம். உதவியே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படிப்படியாகச் செய்யுங்கள். கணக்கு வரவில்லையா? "கேள்வி என்ன கேட்கிறது, உன் சொல்லில் சொல்" என்று முதலில் கேளுங்கள். அதற்கும் வரவில்லையென்றால், "தெரிந்ததைக் கட்டமாக வரைந்து காட்டு" என்று சொல்லுங்கள். அதுவும் போதவில்லையென்றால், சிறிய எண்களோடு அதே மாதிரி வேறொரு கணக்கை நீங்கள் செய்து காட்டிவிட்டு, பழைய கணக்கைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள். எந்தக் கட்டத்திலும் பிள்ளையின் பென்சிலை நீங்கள் வாங்காதீர்கள். சொல்வதெழுதுதலுக்கு, சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, பிள்ளையே திறந்து சரிபார்க்கட்டும். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்குச் சிவப்புப் பேனாவைக் கண்டு பயம் இருக்காது. பள்ளிப்பையையும் அதுவே அடுக்கட்டும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பெரிய சோதனை தமிழ்ப் பாடம். "எனக்குத் தமிழ் வராது" என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்கிறது. நாமும் உறவினர் முன்னால் சிரித்துக்கொண்டே, "இவளுக்குத் தமிழ் வராது" என்கிறோம். அது பிள்ளையின் மனத்தில் தீர்ப்பாக எழுதப்பட்டுவிடுகிறது. "இன்னும் வரவில்லை" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நூலகத்தில் ஒரு சிறிய தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வயதுக்குக் கீழான புத்தகமாக இருந்தாலும் தடுக்காதீர்கள். ஒரு புத்தகத்தை முழுமையாகத் தானே படித்து முடித்தது என்றால், அடுத்ததைத் தொடுவதற்கு அந்தத் துணிவு போதும்.

வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு வரும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதட்டுவதைவிட, பத்து நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து போவதற்கு நேரம் குறைவாகத்தான் ஆகும். துணைப்பாட வகுப்பு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா போன்ற அமைப்புகளும் கைகொடுக்கின்றன. ஆனால் எந்த வகுப்பும் பிள்ளைக்காக யோசித்துத் தராது.

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியில் மட்டும் முயன்று பாருங்கள். பிள்ளை திணறும்போது வாய் திறக்காமல் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். பிறகு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் முதல் பதில் தவறாக இருக்கலாம். அதையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.