மாறுவேடத்தில் வந்த அதிகாரம்

உழைப்பும் நீதியும் பற்றிய இந்தச் சொற்பொழிவுக்கு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் அடிமட்டத்தில் நடக்கும் அநியாயம் உச்சிக்கு எட்டாமல் போகிறதே, மேலே இருப்பவர் வந்து பார்க்காததாலா, கீழே இருப்பவருக்குச் சொல்ல வழியில்லாததாலா? முதலாவதுதான் காரணம் என்று அந்த நிகழ்ச்சி நம்மை நம்பவைக்கிறது. அதன் காட்சிகளோ இரண்டாவதற்குத்தான் சாட்சி சொல்கின்றன என்பது என் வாதம்.

ஸ்டீபன் லாம்பர்ட் உருவாக்கிய ‘அண்டர்கவர் பாஸ்’ 2009-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கியது. 2010 பிப்ரவரி 7 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் ஆட்டம் முடிந்த கையோடு அமெரிக்காவின் சிபிஎஸ் அதை ஒளிபரப்பியபோது 3.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எம்மி விருது பெற்றது. கதைப்போக்கு ஏறக்குறைய ஒன்றேதான். நிறுவனத்தின் தலைவர் பெயரை மாற்றி, விக் வைத்தோ தாடி வளர்த்தோ, வேலைக்குப் புதியவராகச் சேருவார். கேமரா எதற்கென்று கேட்பவர்களுக்கு ஏதோ ஆவணப்படம் என்று சொல்லிவைப்பார்கள். சில நாள் திணறியபின், உடன் உழைத்தவர்களைத் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்துத் தாம் யாரென்று சொல்வார். பதவி உயர்வோ பணமோ கைமாறும், கண்ணீர் பெருகும்.

அமெரிக்கத் தொடரின் முதல் பகுதியையே பார்ப்போம். குப்பை அள்ளும் பெருநிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட்டின் தலைவர் லாரி ஓ'டானல் மாறுவேடத்தில் போகிறார். குப்பைக்கிடங்கில் காற்றில் பறக்கும் காகிதங்களைக் குச்சியால் குத்திப் பையில் போடும் வேலை. வேகம் போதவில்லை என்று அவரை வேலையைவிட்டே அனுப்பிவிடுகிறார் மேற்பார்வையாளர். அந்த மேற்பார்வையாளரோ பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொண்டே உழைப்பவர். மறுசுழற்சி ஆலையில் ஒரு பெண் சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் மூச்சிரைக்க ஓடிவருகிறார். ஒரு நிமிடம் தாமதித்தால் இரண்டு நிமிடச் சம்பளம் பிடிப்பார்களாம். குப்பை லாரி ஓட்டும் பெண், வழித்தடத்தில் நிறுத்த நேரமில்லாததால் ஒரு டப்பாவில் சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கிறது என்கிறார். உற்பத்தித்திறன் பெருகவேண்டும் என்று தலைமையகத்திலிருந்து தாம் தந்த நெருக்கடிதான் இப்படி வந்து இறங்கியிருக்கிறது என்று ஓ'டானல் உணர்கிறார்.

இந்தக் காட்சியில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தப் பெண்கள் எதையும் மறைக்கவில்லை. கேமராவுக்கு முன்னால், நேற்றுச் சேர்ந்த ஒருவரிடம், கேட்டவுடன் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு வெளிப்படையாக இருந்த செய்தி மேலே போகவில்லை என்றால், கீழே வாய் இல்லாமல் இல்லை. மேலே போகப் பாதை இல்லை. அப்படியொரு பாதையாக, தொழிலாளர் சங்கம்வழிக் கூட்டாகப் பேசும் உரிமையை அமெரிக்கா 1935-லேயே சட்டமாக்கியது. ஆனால் நிகழ்ச்சி அங்கே தொடங்கிய 2010-இல் அந்நாட்டுத் தனியார் துறை ஊழியர்களில் சங்க உறுப்பினர்கள் 6.9 விழுக்காடுதான். சங்கம் தேய்ந்த இடத்தில்தான் ஒட்டுத்தாடி தேவைப்பட்டது.

எதைப் பார்க்கிறோம் என்பதைப் போலவே எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். எழுத்தாளர் பார்பரா எரன்ரைக்கும் தாம் யாரென்று சொல்லாமல் உணவகப் பணியாளராக, வீடு துடைப்பவராக, வால்மார்ட் ஊழியராக உழைத்து, 2001-இல் நூல் எழுதினார். அந்தக் கூலியில் வாடகை கட்டி வாழமுடியுமா என்பது அவர் கேள்வி. நிகழ்ச்சியின் கேள்வியோ இவர்களில் யார் பரிசுக்குத் தகுதியானவர் என்பது. வேஸ்ட் மேனேஜ்மென்ட்டில் அப்போது 40,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். கேமராவில் விழுந்தவர்கள் ஒரு சிலர். அமெரிக்கக் கூட்டாட்சியின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆனது, அதன்பின் உயரவில்லை. இதற்கு எந்த விக்கும் பதில் சொல்லாது.

மாறுவேடம் போட்ட ஆட்சியாளர் நமக்குப் புதியவரல்ல. சிலப்பதிகாரம் பேசும் பொற்கைப் பாண்டியன் இரவில் நகர்வலம் வந்தவன்தான். கீரந்தை என்பவன் வீட்டுக் கதவைத் தட்டியது குற்றம் என்று தெரிந்ததும் அவன் யாருக்கும் பரிசளிக்கவில்லை. தட்டிய கையையே வெட்டிக்கொண்டான். கண்டதற்குரிய விலையைக் கண்டவனே கொடுத்தான். நிகழ்ச்சியிலோ தலைவர் தவறை ஒப்புக்கொள்வதே அவர் பெருந்தன்மைக்குச் சான்றாகிவிடுகிறது.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. சில விதிகள் மாறினவே, சிலர் வாழ்க்கை சீரானதே என்பார்கள். உண்மை, பதவி உயர்வோ பணமோ பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு நிமிடச் சம்பளம் பிடிப்பது தவறென்றால், கேமரா போகாத ஆலையிலும் அது தவறுதான். வேடமில்லாமல் போனால் யாரும் உண்மை பேசமாட்டார்கள் என்பது அடுத்த மறுப்பு. உண்மை சொல்பவருக்கு வேலை போகும் என்ற அச்சத்தை ஒப்புக்கொண்டு எழும் மறுப்பு இது. நோய் அந்த அச்சம்தான். சங்கங்களிலும் சுயநலம் உண்டே என்பார்கள். உண்டு. ஆயினும் சங்கத் தலைவரைத் தொழிலாளி அடுத்த தேர்தலில் மாற்றலாம். நிறுவனத் தலைவரின் இளகிய மனத்தை அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர். அடுத்த காலாண்டுக் கணக்கு வரும்போது அந்த மனமும் இறுகலாம்.

தலைவர்கள் தொழிற்கூடங்களுக்குப் போகக்கூடாது என்பதல்ல என் முடிவு. சொந்தப் பெயரில், பகல் வெளிச்சத்தில், ஆண்டு முழுவதும் போகட்டும். ஆனால் ஒரு நிறுவனம் நேர்மையானதா என்று அளக்க அந்த வருகையைக் கணக்கில் எடுக்கவேண்டாம். லாரி ஓட்டும் பெண் தன் குறையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே லாரியை அச்சமின்றி எடுக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.