நீருக்குள் மூச்சு முட்டினால்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலின் சுகாதார அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் என் தலைப்பைக் கேட்டபோது, "சுழியோடும்போது வரும் பதற்றமும் மூச்சுத்திணறலும்" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "மாத்தளையில் எங்கே தங்கச்சி கடல் இருக்கு? நீரிழிவைப் பற்றிப் பேசலாமே" என்றார். நியாயமான கேள்விதான்.

எம்மில் பலருடைய முன்னோர் கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் வந்து இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளைக்கு வந்தவர்கள். அதன் பின் பல தலைமுறைகளுக்குக் கடலோடு எமக்குத் தொடர்பு இருக்கவில்லை. என் வகுப்பில் பாதிப்பேர் கடலை முதன்முதல் கண்டதே பாடசாலைச் சுற்றுலாவில்தான். இன்று நிலைமை வேறு. கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போகிறார்கள். நிலாவெளிப் புறாத்தீவில் முகமூடி மாட்டி நீந்துகிறார்கள். துணிந்தவர்கள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு சிறிய பயிற்சி, ஒரு கையொப்பம், அவ்வளவுதான். இறங்குபவர்களில் ஐம்பது வயதில் பிரஷர் மாத்திரை போடுபவர்களும் உண்டு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களும் இம்மலரை வெளிநாட்டில் வாசிக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் அந்த வயதினரே. தலைப்பைத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

கரையோர வைத்தியசாலை ஒன்றில் நான் கடமையாற்றிய காலத்தில் ஒரு பெண்மணியைக் கொண்டுவந்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. சிலிண்டருடன் இறங்கிப் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டி, கையைக் காட்டி மேலே வந்திருக்கிறார். "பயந்துட்டாங்க டொக்டர்" என்றார் வழிகாட்டி. கணவரும், "இவ லிப்டில் ஏறவே பயப்படுவா" என்றார். படகிலே இருத்தி, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஆறுதல் சொல்லி ஒரு மணித்தியாலம் கழிந்துவிட்டது. அவர் மட்டும் இருமலுக்கு நடுவே என்னிடம், "எனக்குப் பயம் இல்ல டொக்டர். மூச்சுத்தான் வரல்ல" என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமலில் இளஞ்சிவப்பு நுரை. இரண்டு நுரையீரல்களிலும் நீர் கோர்த்திருந்தது. அது அவர் குடித்த கடல் நீரல்ல, அவருடைய சொந்தக் குருதியிலிருந்து கசிந்த நீர்.

இதை விளங்கிக்கொள்ள, பதற்றம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். மூச்சு எடுக்கும் தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதே. பத்து மீற்றர் ஆழத்தில் நாம் இழுக்கும் காற்று மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு அடர்த்தியானது. முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. அதை இழுக்கவும் வெளியேற்றவும் நெஞ்சுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துக் காலை அடித்தால் காபனீரொட்சைட்டு இன்னும் ஏறும். தவிப்பு வரும். உடனே மனிதர் செய்வது வேகவேகமாக, மேலோட்டமாக மூச்சு வாங்குவது. எமது மூக்கு, தொண்டை, சுவாசக் குழாய்களில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் காற்று நுரையீரலின் சிற்றறைகளைத் தொடாமலே போய் வருகிறது. மேலோட்டமான மூச்சில் அந்தக் காற்றுத்தான் முன்னும் பின்னும் அசையும். காபனீரொட்சைட்டு உள்ளேயே தங்கும். தவிப்பு இரட்டிக்கும். அப்போதுதான் பயம் வந்து சேருகிறது. பலருக்கு மூச்சு முந்தி, பயம் பிந்தி.

இது தைரியம் குறைந்தவர்களுக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மோர்கன் என்ற உளவியலாளர் பொழுதுபோக்குச் சுழியோடிகளிடம் விசாரித்தபோது, ஒரு முறையாவது நீருக்குள் பீதியடைந்ததாகப் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். சிலிண்டரில் காற்று மீதியிருக்க, வாயில் வைத்திருந்த ரெகுலேட்டரைத் தாமே பிடுங்கி எறிந்து இறந்தவர்களும் உண்டு. தவிப்பின் உச்சத்தில் வாயை அடைத்திருக்கும் பொருளே எதிரியாகத் தெரியும்.

இன்னொரு ஆபத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது. எங்கள் பௌதிகவியல் ஆசிரியை போயிலின் விதியைக் கரும்பலகையில் எழுதியபோது, இது யாருடைய உயிரையும் எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. பத்து மீற்றரில் நிறைய இழுத்த மூச்சு, மேற்பரப்பில் இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி குருதியில் கலந்து மூளைக்குப் போகலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு இந்த ஆபத்து இருக்கவில்லை. காலில் கல்லைக் கட்டி, மேலே எடுத்த ஒரே மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறினார்கள். சுருங்கிய காற்று பழைய அளவுக்குத்தான் விரிந்தது. அவர்களுடைய பயமோ சுறாவைப் பற்றியது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மூடநம்பிக்கை என்று எழுதிய அதிகாரிகளும் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். மன அமைதி எவ்வளவு பெறுமதியானது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்தப் பெண்மணிக்கு வருகிறேன். நீரில் அமிழ்ந்தவுடன் கால்களிலும் தோலிலும் உள்ள குருதி நெஞ்சை நோக்கித் தள்ளப்படுகிறது. இறங்கிய சற்று நேரத்தில் சிறுநீர் முட்டுவதும் இதனால்தான். சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் வருவது. ஆரோக்கியமான இதயம் இந்தச் சுமையைத் தாங்கும். உயர் குருதியமுக்கத்தால் தடித்த இதயம் சில வேளை தாங்காது. நுரையீரலின் நுண்குழாய்களில் அமுக்கம் ஏறி நீர் கசியும். 1989 இல் பிரித்தானிய இதய வைத்தியர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் லான்செட் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். குளிர் நீரிலேயே இது நிகழும் என்று முதலில் எண்ணினார்கள். வெப்பக் கடலிலும் நிகழ்கிறது. சிலிண்டர் இல்லாமல் மேற்பரப்பில் நீந்துபவர்களுக்கும் வரும். நடுவயதினரும் உயர் குருதியமுக்கம் உள்ளவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பதற்றத்தால் வந்த இளைப்பு என்றால், மேலே வந்து உபகரணத்தைக் கழற்றிச் சில நிமிடங்களில் தணியத் தொடங்கும். நுரையீரலில் நீர் கோர்த்தால் தணியாது. இருமல் வரும், நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்கும். படகில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தது ஏன்? "பெண், பயந்துவிட்டாள்" என்ற ஒரு சொல் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. வெளிநோயாளர் பிரிவிலும் இதையே காண்கிறோம். நெஞ்சு அடைக்கிறது என்று வரும் பெண்ணுக்கு, ஈ.சி.ஜி. எடுக்க முன்னரே "யோசனை கூடிப்போச்சு" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பயம் என்ற முடிவு, மற்றவை இல்லை என்று பார்த்த பிறகு வரவேண்டிய முடிவு.

அந்தப் பெண்மணி ஒட்சிசனும் மருந்தும் கொடுத்து இரண்டு நாட்களில் தேறினார். பயண அவசரத்தில் பிரஷர் மாத்திரையை ஒரு வாரமாக விட்டிருந்தார். மீண்டும் சுழியோடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், ஒரு முறை வந்தவருக்குத் திரும்ப வரக்கூடும். அவருக்குக் கோபம் வந்தது. கணவர் என்னோடு உடன்பட்டார் என்பதால் கோபம் கூடியது என்று நினைக்கிறேன்.

நீருக்குள் மூச்சு முட்டினால் முதலில் எல்லா வேலையையும் நிறுத்துங்கள். பாறையையோ கயிற்றையோ துணையையோ பிடியுங்கள். உள்ளே இழுப்பதை விட, மெதுவாக, நீளமாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். சில மூச்சுகளில் தணியாவிட்டால் சைகை காட்டி, ரெகுலேட்டரைக் கழற்றாமல், மூச்சைப் பிடிக்காமல், துணையோடு மெதுவாக ஏறுங்கள். மேலே வந்தும் இளைத்தால் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒட்சிசன் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டாம். மேலே வந்ததும் மயங்கினாலோ, கை கால் சோர்ந்தாலோ, படுக்க வைத்து ஒட்சிசனோடு இன்னும் விரைவாகக் கொண்டுபோக வேண்டும்.

இறங்குமுன் தரும் மருத்துவப் படிவத்தில் குருதியமுக்கம், ஆஸ்துமா, இதயநோய், பீதி எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனிக் கேள்விகளும் உண்டு. "ஆம்" என்று எழுதினால் வைத்தியரின் கடிதம் இல்லாமல் இறக்க மாட்டார்கள் என்பதால், படகில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதுகிறார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதி, பிரதிகளை வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறேன். இவ்வருடம் கிழக்குக் கரைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் ஒன்றை எடுத்துச் சென்று, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரஷர் பார்க்கும் கருவியும் அதே மேசையில் இருக்கிறது. தேநீர் இடைவேளை முடியும் வரை நானும் அங்கேயே இருப்பேன்.