வேலை முடிந்து மேடை ஏறிய கே. பாலசந்தர்

(தோட்ட இளைஞர் நாடகக் குழுவின் முதல் ஒத்திகை நாளில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேசப் போவதில்லை. நாடகம் போடுகிறோம் என்று சங்கம் அறிவித்த நாளிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "நாள் முழுக்க மலையில் நின்றவர்களுக்கு நாடகமெல்லாம் சரிவருமா?" இதற்குப் பதிலாக, நம் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம்.

இயக்குநர் கே. பாலசந்தர். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தியவர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் எங்கே தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. 1930இல் தஞ்சைப் பக்கத்து நன்னிலத்தில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் முத்துப்பேட்டையில் பள்ளிக்கூட ஆசிரியர். 1950இல் சென்னைக்குப் போய் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தா. பகலில் கணக்கு, அலுவலகம் விட்ட பிறகு நாடகம். நகைச்சுவை நடிகர் நாகேஷும் ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர்தான். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் மாலையில் கூடி ஒத்திகை பார்த்தார்கள்.

அந்த நாடகங்களில் ஒன்று 'சர்வர் சுந்தரம்'. ஹோட்டலில் பரிமாறும் ஒரு தொழிலாளிதான் கதாநாயகன். இன்னொன்று 'மேஜர் சந்திரகாந்த்'. அதில் நடித்த சுந்தரராஜனுக்கு 'மேஜர்' என்ற பட்டம் கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1964இல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதினார். 1965இல் தன் நாடகமான 'நீர்க்குமிழி'யையே முதல் படமாக இயக்கினார். 60 வயதாகும்போது, 1990இல், 'ரயில் சிநேகம்' என்ற தொடரோடு தொலைக்காட்சிக்குப் போனார். மேடை, சினிமா, தொலைக்காட்சி என்று மூன்றிலும் உழைத்து, 2014 டிசம்பர் 23இல் மறைந்தார். இந்தியாவின் உயர்ந்த திரைப்பட விருதான தாதாசாகேப் பால்கே விருதும் பெற்றவர்.

விருதைச் சொல்வதற்காக இன்று அவர் பெயரை எடுக்கவில்லை. அவருடைய மூன்று படங்கள் நம் லயத்துக்குள் நடக்கிற கதைகள். அதற்காகத்தான் எடுத்தோம்.

1974இல் வந்தது 'அவள் ஒரு தொடர்கதை'. சுஜாதா நடித்த கவிதா என்ற பெண்ணின் சம்பளத்தில்தான் மொத்தக் குடும்பமும் சாப்பிடுகிறது. அண்ணன் குடிக்கிறான். அவளுடைய கல்யாணம் தள்ளித் தள்ளிப் போகிறது. கடைசியிலும் அவள் வேலைக்குத்தான் போகிறாள். தாய்மார்களே, இந்தக் கவிதாவை உங்களுக்குத் தெரியாதா? இங்கே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். கொழும்பில் யாரோ வீட்டுச் சமையலறையில் நிற்கிறாள். மத்திய கிழக்கிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறாள். அவள் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1980இல் 'வறுமையின் நிறம் சிவப்பு'. படித்துவிட்டு டெல்லியில் வேலை தேடிப் பட்டினி கிடக்கும் இளைஞர்களின் கதை. நாயகன் ரங்கன் கடைசியில் முடி திருத்தும் வேலையைக் கையில் எடுக்கிறான், அதை நினைத்துக் கூனிக் குறுகாமல். உயர்தரம் வரை படித்துவிட்டு, தோட்டத்தில் பேர் போட வெட்கப்பட்டு, கொழும்புக் கடையில் பின்னிரவு வரை நின்றாலும் ஊரில் அதைச் சொல்லத் தயங்கும் தம்பிமார் இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள்.

1981இல் 'தண்ணீர் தண்ணீர்'. கோமல் சுவாமிநாதன் எழுதிய மேடை நாடகம் அது. பாலசந்தர் அதைப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அத்திப்பட்டி என்ற ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்த சனம், தூரத்து ஊற்றிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறது. பிறகு ஊரே மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டுகிறது. அப்போதுதான் அதிகாரிகளுக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது. தண்ணீர் கொடுக்க வராதவர்கள், வாய்க்காலைத் தடுக்க வருகிறார்கள். பீலி வற்றிய நாட்களில் குடத்தோடு வரிசையில் நிற்கிற நமக்கும், 7 பேர்ச் காணி என்ற பேச்சைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிற நமக்கும், இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டில் ஒருத்தி தனியே சுமக்கிறாள், ஒருவன் தனியே அலைகிறான். கண்ணீர் வருகிறது. ஆனால் கவிதாவின் சுமையை இறக்கிவைக்க யாரும் வருவதில்லை. மூன்றாவதில் ஓர் ஊரே சேர்கிறது. அங்கேயும் தடை வருகிறது, ஆனால் யார் தடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் வெளிச்சமாகத் தெரிந்துவிடுகிறது. சங்கம் செய்கிற வேலையும் இதுதான். 1,000 ரூபா நாள் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல் அது வர்த்தமானியில் வந்தபோது, தனியாளாக யாரும் அதை வாங்கவில்லை.

நாடகம் நமக்குப் புதிதா? மாசி மாதம் காமன் கூத்துக்கு யார் ஆடுகிறார்கள்? அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் விடிய விடிய ஆடியவர்கள் காலையில் மலைக்குப் போன தாத்தாமார்தான். நடேசய்யர் இங்கே ஹட்டனில் சங்கம் கட்டிய காலத்தில், மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடித்தான் சனத்தைத் திரட்டினார். பாட்டும் கூத்தும் சங்கத்துக்கு முன்பே நம்மோடு இருந்தன.

அதனால் நம் குழுவுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பெற்றோருக்கு. பெண் பிள்ளைகளை ஒத்திகைக்கு அனுப்புங்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் பெண்கள். அவர்கள் இல்லாமல் ஆண்கள் மட்டும் சேலை கட்டி ஆடினால் நம் கதை பாதிக் கதைதான். வாரத்தில் இரண்டு மாலை, இரவு எட்டு மணிக்குள் முடித்து, லயத்து வாசல் வரை கொண்டுவந்து விடுவது நம் பொறுப்பு.

இரண்டாவது, எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு. எங்கிருந்தோ வந்து எல்லாரையும் காப்பாற்றும் கதாநாயகன் வேண்டாம். நிறுவையில் கிலோ குறைவதை எழுதுங்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு ஓடும் தாயை எழுதுங்கள். ஒழுகும் கூரையை எழுதுங்கள். நம் பேச்சிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, அண்ணன்மாருக்கு. ஒத்திகைக்குக் குடித்துவிட்டு வர வேண்டாம். குடிக்கும் அண்ணன் வேஷத்துக்கு நடிக்கத் தெரிந்த ஆள் போதும்.

மே தினத்துக்கு நம் நாடகம் மேடையேற வேண்டும். பெரிய அரங்கு வேண்டாம், பிரட்டுக்களம் போதும். அலுவலகம் விட்ட பிறகு குமாஸ்தாக்கள் செய்ததை, மலை இறங்கிய பிறகு நம்மாலும் செய்ய முடியும். யார் யார் எந்த வேஷம் என்று இப்போதே பேசிவிடுவோம். முன்னால் வாருங்கள்.