லீவுக்குள் முடியாத காரியம்

குற்றாலத்தில் சாரல் கட்டினால் வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் தென்காசிக்கு வந்துவிடும். பிள்ளையில்லாத தம்பதியிடம், "இங்கேயே ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக் கூட்டிட்டுப் போயேன்" என்பாள் பெரியம்மா.

லீவுக்குள் முடிகிற காரியமா அது? நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. அதன்படி, வசிக்கும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களே வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா' தடையில்லாச் சான்று தரும். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் உள்ளூர்த் தம்பதியோடு சம உரிமை.

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையைக் கோர்ட்டுக்குப் பதில் கலெக்டரே பிறப்பிக்கிறார். வாய்தா வாங்கி அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குழந்தை போன பிறகும் இரண்டு வருடம் அறிக்கை வர வேண்டும்.

இடையில் யாராவது "பணம் கொடுங்க, பிள்ளை தாரேன்" என்றால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுங்கள்.