வலிப்பு நோயும் வாழ்வும்

வீதியில் ஒருவர் திடீரென வீழ்கிறார். கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. சூழ நின்றோருள் ஒருவர் அவர் கையில் திறப்புக் கோர்வையைத் திணிக்கிறார். இரண்டொரு நிமிடத்தில் வலிப்புத் தானாகவே அடங்குகிறது. இரும்பே அதனை அடக்கிற்று என்னும் எண்ணமோ ஊரில் நிலைத்துவிடுகிறது.

இந்நோய் தெய்வக் குற்றமன்று, மூளையில் தோன்றுவதே என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போகிறட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கூறிற்று. மூளையின் நரம்புக் கலங்கள் நுண்ணிய மின்னோட்டத்தின் துணையால் இயங்குவன. அவற்றுட் பல ஒருசேரக் கட்டுமீறி மின்னைச் சொரியும்போது வலிப்பு உண்டாகிறது. 1924 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிவு செய்தார். அம்முறை இன்றும் நோயறியத் துணைபுரிகின்றது.

எல்லா வலிப்பிலும் உடல் துடிப்பதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை சில கணங்கள் வெறித்து நோக்கியபடி இருப்பதும் வலிப்பாக இருக்கலாம். கவனமில்லாத பிள்ளை என்று அதனைத் தண்டித்தல் கொடுமையாகும்.

1912 இல் பீனோபாபிற்றோனும் 1938 இல் பெனிற்றோயினும் வலிப்பை அடக்கும் மருந்துகளெனக் கண்டறியப்பட்டன. பின்னர் வேறு பலவும் வந்துள்ளன. தகுந்த சிகிச்சை பெற்றால் நோயாளர் நூறு பேரில் எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

ஆயினும் மருந்தால் தீராத துன்பமொன்று உண்டு. கலியாணப் பேச்சு எழுந்ததும் வீட்டார் நோயை மறைக்கின்றனர். குளிசை எதற்கு என்று புகுந்த வீட்டார் கேட்பார்களே என அஞ்சி, மணமகள் அதனை நிறுத்திவிடுகிறாள். வலிப்பு மீண்டும் வருகிறது. சிலவேளை உயிருக்கே ஆபத்தாகிறது. வலிப்பு வராதிருப்பது மருந்தின் பயன். மருந்து வேண்டாம் என்பதற்கு அடையாளமன்று. அதனைக் குறைப்பதும் மாற்றுவதும் வைத்தியரின் பொறுப்பு. கருவுற விரும்பும் பெண் முன்கூட்டியே அவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

வலிப்பு வந்தவரை அழுத்திப் பிடித்தலாகாது. வாயினுள் எதனையும் வைத்தலாகாது. தலையின்கீழ் மெல்லிய துணியை வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துக. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

கண் விழிக்கும்போது அவர் முதலிற் காண்பது கூட்டத்தின் முகங்களையே. அம்முகங்களில் அச்சமோ அருவருப்போ இல்லாதிருந்தால், மறுநாள் அவர் தயங்காது வெளியே வருவார்.