முப்பது வயதில் திறந்த கதவு

(சங்கத்தின் விளையாட்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் பேசியது)



ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாலா தேவி என்ற கால்பந்து வீராங்கனையைப் பற்றிச் சொல்கிறேன்.

1990-ல் மணிப்பூரில் பிறந்தவர். அதுவும் நம் ஊரைப் போல மலைப் பிரதேசம்தான். சிறு வயதில் பையன்களோடு சேர்ந்து பந்து ஆடியவர், 15 வயதிலேயே இந்திய அணிக்கு வந்துவிட்டார். முன்வரிசை ஆட்டக்காரர். இந்தியாவுக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட கோல்கள் போட்டவர். 2014, 2015 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான்.

இவ்வளவு இருந்தும் பந்து ஆடிப் பிழைக்க அவருக்கு வழியில்லை. மணிப்பூர் காவல்துறையில் வேலை பார்த்தார். காரணம் எளிது. ஆண்களுக்கு தேசிய லீக் போட்டி 1996-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கான இந்திய லீக் 2016-17-ல்தான் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 26. திறமை முன்னாலேயே வந்துவிட்டது, வாய்ப்புதான் தாமதமாக வந்தது.

2019 மே மாதம் லூதியானாவில் நடந்த லீக்கில் மணிப்பூர் போலீஸ் அணிக்காக 26 கோல்கள் அடித்தார். அந்த வருடம் அதிக கோல் அவருடையதே. ஆனால் இறுதி ஆட்டத்தில் அந்த அணியை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வென்றது யார் தெரியுமா? நம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள்!

அதே வருடக் கடைசியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை வரவழைத்து ஆடவைத்துப் பார்த்தது. 2020 ஜனவரியில், முப்பது வயது நிறைய சில நாட்களே இருக்கும்போது, ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த டிசம்பரில் அங்கே முதல் கோலும் போட்டார். பிறகு முழங்காலில் பலத்த காயம். அதிலிருந்தும் மீண்டு 2023-ல் இந்திய அணிக்குத் திரும்பினார்.

இங்கிலாந்தின் ஜேமி வார்டி கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். உயரம் போதாது என்று 16 வயதில் கிளப் கழற்றிவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன கிளப்பில் ஆடினார். பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஆடியபோது வயது 27. 2016-ல் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆனபோது அவர் கணக்கில் 24 கோல். 33 வயதில் 23 கோலுடன் லீக்கிலேயே முதலிடம்.

இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வார்டி கீழே விழுந்தாலும் கால் வைக்க ஒரு படி இருந்தது. அங்கே சின்ன ஊருக்கும் ஒரு கிளப், அதற்கு ஒரு லீக். பாலா தேவிக்கு அந்தப் படிகளே வெகுநாள் கட்டப்படவில்லை.

நான் வங்கியில் இருந்தவன். எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். விளையாட்டு என்பது தொடர் வைப்பு மாதிரி. மாதாமாதம் கட்டினால்தான் முதிர்வு. பாதியில் நிறுத்தினால் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்று ஓட்டத்தில் பரிசு வாங்கும் பெண் பிள்ளைகள் எல்லோரும் எட்டாம் வகுப்புக்கு உட்பட்டவர்கள். பெரிய பெண்கள் ஒருவர்கூட இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் படிப்பு என்கிறோம், பிறகு இருட்டிவிடும் என்கிறோம், மைதானத்தில் பையன்கள் இருக்கிறார்கள் என்கிறோம். மலையில் சமதளமான இடம் கிடைப்பதே அபூர்வம். இருக்கிற ஒரு இடத்தை எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டாமா?

நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் இரண்டு மாலை, நான்கு மணி முதல் ஐந்தரை வரை, மைதானத்தைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். தாய்மார்கள் முறை வைத்து உடன் இருங்கள். எல்லோரும் ஸ்காட்லாந்து போக வேண்டாம். ஆடுவதை விடாமல் இருந்தால் போதும். கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. திறக்கும்போது நம் பெண் வாசலில் நிற்க வேண்டும்.

பரிசு பெறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாழ்த்துகள்.