மூலிகைத் தீவனம்: கோழிக்குக் காப்பு, முட்டைக்கு?

கோழித் தீவனக் கடைகளில் இன்று மூலிகைப் பொடிகளும் திரவங்களும் ஓர் அடுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இந்தியா 2019இல் நிறுத்தியது. இப்படிக் காலியான இடத்துக்கு மஞ்சள், பூண்டு, நெல்லி, கீழாநெல்லி, துளசி, முருங்கையிலை என்று நமக்குப் பழகிய சரக்குகள் வந்து சேர்ந்தன. செரிமானத்துக்கு நல்லது, ஈரலுக்கு நல்லது என்று விற்கும் இவற்றுக்கு இப்போது இன்னொரு பெருமையும் சொல்கிறார்கள்: ஈயம், காட்மியம், ஆர்செனிக் போன்ற கன உலோகங்களின் நஞ்சை இவை முறித்துவிடுமாம். இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைகுறையாக இருக்கிறது. காப்பு கோழிக்கா, அந்தக் கோழியைச் சாப்பிடுபவருக்கா என்று பிரித்துப் பார்த்தால்தான் மீதி விளங்கும்.

முதலில், உலோகம் கோழிக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். கோழிக்குப் பல் கிடையாது. பொடிக்கற்களை விழுங்கி, வயிற்றிலுள்ள தடித்த தசைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே தானியத்தை அரைக்கிறது. கொல்லையில் மேயும் கோழி கல்லென்று பொறுக்குவதில் பழைய ஜன்னலிலிருந்து உதிர்ந்த பெயின்ட் செதிலும் இருக்கும், மீன்வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டும் இருக்கும், உடைத்த பேட்டரியின் துணுக்கும் இருக்கும். ஈயம் மென்மையான உலோகம். அந்தப் பைக்குள் கற்களோடு உரசித் தேய்ந்து, அமிலத்தில் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் ஏறும். கொட்டகைக் கோழிக்கு வழி வேறு. பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யும் தாது உப்பில் காட்மியம் வரலாம், மீன்தூளில் பாதரசம் வரலாம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் வரலாம். சில சமயம் மனிதரே தெரிந்து கொடுத்ததும் உண்டு. அமெரிக்காவில் ஆர்செனிக் சேர்ந்த ராக்சார்சோன் என்ற மருந்தைப் பல பத்தாண்டுகள் கறிக்கோழித் தீவனத்தில் கலந்தார்கள். அதைத் தின்ற கோழிகளின் ஈரலில் கனிம ஆர்செனிக் கூடுகிறது என்று அரசின் ஆய்வு காட்டிய பிறகு, 2011இல்தான் அதன் விற்பனை நின்றது.

உள்ளே போன உலோகம் என்ன செய்கிறது? இரத்தத்தின் சிவப்பணுக்களுக்கு வேண்டிய நொதியை ஈயம் முடக்கிச் சோகையை உண்டாக்குகிறது. காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் போய்த் தங்கிவிடுகிறது. இரண்டுமே செல்களுக்குள் ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தூண்டுகின்றன. மூலிகைக்கு வேலை இருப்பது இந்தக் கடைசி இடத்தில்தான். மஞ்சளின் குர்குமினும், நெல்லியின் துவர்ப்புச் சத்துகளும் அந்தச் சிதைவைத் தணிக்கக்கூடியவை. பூண்டின் கந்தகச் சேர்மங்களுக்கு உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பும் உண்டு. தீவனத்தில் ஈயத்தையோ காட்மியத்தையோ வேண்டுமென்றே கலந்து, கோழிகளில் ஒரு பிரிவுக்கு மட்டும் மூலிகையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய சோதனைகளில் அந்தப் பிரிவின் உடல் எடையும் ஈரல் நிலையும் மேம்பட்டிருக்கின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனைகளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் நஞ்சின் அளவு அதிகம், காலம் சில வாரங்கள், நஞ்சும் மூலிகையும் ஒரே நாளில் தொடங்கும். பண்ணையில் நடப்பது நேர்மாறானது: குறைந்த அளவு, நீண்ட காலம், யாரும் அறியாத தொடக்கம். எலும்பில் எப்போதோ ஏறி உட்கார்ந்த ஈயத்தை இன்று போடும் ஒரு பிடி பொடி இறக்கிவிடும் என்பதற்கு இந்தச் சோதனைகள் சான்றாகா.

இனி முட்டைக்கு வருவோம். உடலுக்குள் ஈயம் கால்சியத்தைப் போலவே நடந்துகொள்வதால் எலும்பில் சேர்கிறது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதில் ஒரு பங்கைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுக்கிறது. கால்சியத்தோடு ஈயமும் கிளம்பி வந்து, வெள்ளைக்கருவைவிட மஞ்சள் கருவில் அதிகம் சேர்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுத் தோட்டக் கோழிகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அவற்றின் முட்டைகளில் கடை முட்டைகளைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருப்பதைக் கண்டது. ஈயம் ஏறிய கோழி நோய்க்குறி எதுவும் காட்டாமல் கொக்கரித்துத் திரியலாம், ஒழுங்காக முட்டையும் இடலாம். அப்படியானால் மூலிகை கோழியைத் தெம்பாக வைத்திருப்பது மட்டும் நமக்குப் போதுமா? ஈயம் கோழியின் உடலை விட்டு வெளியேறும் வழிகளில் முட்டையும் ஒன்று. “உலோகத்தை வெளியேற்றும்” என்று புட்டியில் எழுதியிருந்தால், எந்த வழியாக என்று கேட்டே ஆக வேண்டும். ஈயத்துக்கு முன்பு வகுத்திருந்த வாராந்தர ஏற்பு அளவை, அது பாதுகாப்பானது என்று இனிச் சொல்ல முடியாது என்று கூறி, உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைக்கு ஊட்டும் முட்டையில் இது சின்ன விஷயம் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மூலிகை நம் அடுப்படிச் சரக்குதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் வராதே என்பார்கள். வரலாம். வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் கொடுக்க ஈயக் குரோமேட் பூசியதை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். அந்நாட்டு அரசு கடுமையாகத் தலையிட்ட பிறகே கலப்படம் அடங்கியது. ஈயத்தை முறிக்க வாங்கும் பொடியே ஈயத்தைக் கொண்டுவந்தால் யாரிடம் முறையிடுவது? கெடுதல் இன்னொரு விதத்திலும் வரும். மருந்து போட்டாயிற்று என்ற நிம்மதியில் மண்ணையும் தண்ணீரையும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிட நியாயமானது. பத்துக் கோழி வளர்ப்பவர் ஆய்வுக்கூடத்துக்கு அலைவாரா, அவரால் முடிந்தது பொடிதானே என்று கேட்கலாம். முடிந்தது வேறும் உண்டு. அதே சிட்னி ஆய்வு, முட்டையில் ஈயம் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டாமல் இருக்க, மண்ணில் அது கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. குடியிருப்பு மண்ணுக்கு அங்கே வகுத்த வழிகாட்டு அளவோ 300 மில்லிகிராம். மனிதர் நடமாட ஏற்ற மண் என்பதாலேயே அது கோழி கிளற ஏற்றதாகிவிடாது. ஆகவே பழைய சுவரை ஒட்டிய இடத்தையும் பேட்டரி, இரும்புச் சாமான் குவிந்த மூலையையும் வேலி போட்டு அடைக்கலாம். தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைக்கலாம். கூண்டைச் சுற்றிச் சுத்தமான மண் பரப்பலாம். கிளிஞ்சலைக் குறைவில்லாமல் கொடுக்கலாம். கால்சியம் போதிய அளவில் இருந்தால் குடல் ஈயத்தை உறிஞ்சுவது குறையும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் மண்ணையும் முட்டையையும் ஒருமுறை சோதிக்கும்வரை அந்த முட்டையை வீட்டில் சமைக்காமல் இருப்பதே நல்லது.

ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருக்கும் பண்ணையாளர் இதோடு நிற்க முடியாது. தாது உப்பு ஒவ்வொரு லோடு வரும்போதும் ஆய்வுச் சான்று கேட்க வேண்டும். முழுத்தீவனத்தில் கிலோவுக்கு ஈயம் 5 மில்லிகிராம், காட்மியம் அரை மில்லிகிராம் என்ற ஐரோப்பிய வரம்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மூலிகை விற்பவரிடமும் இரண்டைக் கேட்கலாம்: இந்தப் பொடியிலேயே உலோகம் எவ்வளவு, இதைத் தின்ற கோழியின் முட்டையிலும் ஈரலிலும் உலோகம் குறைந்ததை அளந்தீர்களா? இரண்டுக்கும் காகிதத்தில் பதில் தருபவரிடம் தாராளமாக வாங்கலாம். நஞ்சு வரும் வழியை அடைத்த பிறகு, அடிபட்ட ஈரல் தேறுவதற்கு மூலிகை துணை நிற்கக்கூடும். வழியை அடைக்காமல் பொடிக்குச் செலவிடும் பணம் கோழியைத் தேற்றலாம், முட்டையைச் சுத்தமாக்காது.